நெற்றியில் இட்டதும் கண்ணுக்குக் கேட்டதும்

கிருத்திகைதோறும் நம் பஜனைக்கு வரும் அன்பர்கள் எல்லோருக்கும் வணக்கம். முருகன் எனக்குச் செய்ததை எழுதித் தரச் சொல்லி மூன்று வருஷமாகக் கேட்கிறீர்கள். நானும் மூன்று வருஷமாகக் கைவலி, கழுத்துவலி என்று தள்ளிக்கொண்டே வந்தேன். உண்மையான காரணம் வெட்கம். மற்றவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால், கஷ்டம் வந்தது, அழுதேன், கும்பிட்டேன், காப்பாற்றினான் என்று நேராகப் போகும். என் கதையில் கஷ்டம் வந்ததும் நான் செய்த முதல் காரியம், தடயத்தை மறைக்கப் பார்த்தது.

2003-ஆம் வருஷம், ஆடி மாதம். காலை பத்தரை மணி. செகந்திராபாத்தில் நான் நிர்வாகம் பார்க்கும் தர்மக் கண் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், வேப்பமரத்தடியில், ஐம்பது வயசு ஆள் ஒருத்தன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஸ்பூனால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தான். அது நான்தான். ஸ்பூன் கேண்டீனுடையது. இடது கையில் ஒரு விபூதிப் பொட்டலம். உள்ளே வார்டில் ஒரு நோயாளிக்கு, ஆபரேஷன் செய்த கண்ணில் சீழ் பிடித்திருந்தது. அதற்கு இந்தப் பொட்டலம்தான் காரணம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

புதிதாக வந்திருக்கும் அன்பர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. என் பெயர் சுப்பிரமணியன். கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் திருநெல்வேலியிலிருந்து லாலாகுடா ரயில்வே பட்டறைக்கு வேலைக்கு வந்தவர். நான் பாலாநகரில் மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் தரப் பரிசோதகனாக இருந்தேன். அதாவது, அடுத்தவன் செய்த தப்பைக் கண்டுபிடித்துச் சிவப்பு சீட்டு ஒட்டுவது என் உத்தியோகம். விருப்ப ஓய்வு கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். ஊரே கம்ப்யூட்டர் என்று மாதாப்பூர் பக்கம் ஓடிய சமயத்தில், நண்பர்கள் நடத்திய இந்த முப்பது கட்டில் ஆஸ்பத்திரிக்கு நிர்வாகியாக நான் வந்து சேர்ந்தேன்.

எங்கள் வேலை முறையைச் சொன்னால்தான் என் முட்டாள்தனத்தின் அளவு புரியும். கிராமங்களில் முகாம் போட்டு, கண்புரை முற்றினவர்களை எங்கள் வேனில் கூட்டி வருவோம். ஆபரேஷன் அன்று காலை எல்லோருக்கும் முகத்தை சோப்புப் போட்டுக் கழுவி, பச்சை அங்கி மாட்டி, எந்தக் கண்ணோ அந்தப் புருவத்துக்கு மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டுவோம். பிறகு தியேட்டருக்கு வெளியே ஒரு நீள பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்து, கண்பாப்பா விரிவதற்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருப்பார்கள். பெஞ்சுக்கு முன்னால் தரையில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் வெளிச் செருப்பு, வெளித் தூசி, வெளி ஆள் எதுவும் போகக் கூடாது. சுவரில் தெலுங்கு, உருது, ஆங்கிலம் மூன்றிலும் ஒரு பலகை: பூ, பொட்டு, குங்குமம், விபூதி எதுவும் கூடாது. கோட்டைப் போடச் சொன்னவனும் நான். பலகையை எழுதி மாட்டினவனும் நான்.

அந்த ஆடிக் கிருத்திகையன்று அதிகாலையிலேயே கோயிலுக்குப் போனேன். கண் குளிர அபிஷேகம். குருக்கள் என் கை நிறைய அபிஷேக விபூதி கொடுத்தார். அதே பரவசத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பெஞ்சில் பதினேழு பேர் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். பதினாறு பேர் நல்கொண்டா பக்கத்து முகாமிலிருந்து வந்தவர்கள். பதினேழாவது ஆள் உள்ளூர், காஜா மியா. லாலாகுடா பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இளம் வயசில் பட்டறையில் இரும்புத் துணுக்கு தெறித்து வலது கண் போய்விட்டது. இருந்த இடது கண்ணிலும் புரை முற்றி, ஒரு வருஷமாக நிழல் மட்டும்தான் தெரிந்தது.

சிஸ்டர் ஏதோ எடுக்க உள்ளே போனார். எனக்கு மனசு பொங்கியது. பாவம், இத்தனை பேர் பயப்படுகிறார்களே, நம் கையில் முருகன் பிரசாதம் இருக்கிறதே என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டைத் தாண்டினேன். செருப்பைக் கழற்றியதால் சுத்தம் ஆகிவிட்டது என்று நினைத்தேன் போலிருக்கிறது. பதினாறு பேர் நெற்றியிலும் விபூதி இட்டேன். ஜனங்களுக்கு அத்தனை சந்தோஷம். நரசம்மா என்று ஒரு அம்மாள், தனக்கு இட்டது போதாது என்று இன்னொரு தரம் நெற்றியைக் காட்டினாள். இரண்டாம் தரமும் இட்டேன். கடைசியில் காஜா மியாவிடம் போனபோது அவர் கையைக் கூப்பி, "நக்கோ சாப், வேண்டாம். எனக்காக துவா, பிரார்த்தனை மட்டும் செய்யுங்க, போதும்" என்றார். சரி பாய் என்று தோளைத் தட்டிவிட்டு வந்தேன். என் தலைக்கு நேர் மேலே என் பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

சிஸ்டர் திரும்பி வந்து பார்த்திருந்தால் என்னை அங்கேயே வறுத்திருப்பார். அவர் வருவதற்குள் சொட்டு மருந்துக்கு வழிந்த தண்ணீரை அவரவர் துடைத்த துடைப்பில் பாதி விபூதி போயிருந்தது. மீதி, தியேட்டருக்குள் மருந்து தடவும்போது போயிருக்கும். ஆபரேஷன்கள் நன்றாக முடிந்தன. மறுநாள் கட்டு அவிழ்த்தார்கள், எல்லோருக்கும் பார்வை வந்தது. அதற்கு மறுநாள் கறுப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்தும் கொடுத்து வேனில் அனுப்பினோம். நான் வாசலில் நின்று கையாட்டினேன். எல்லாம் முருகன் விபூதி என்று மனசுக்குள் ஒரு பெருமை வேறு.

ஐந்தாம் நாள் காலை தார்நாகா வீட்டில் இட்லியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர் போன் செய்தார். கிருத்திகையன்று ஆபரேஷன் ஆன ஒருவர் வலியோடு வந்திருக்கிறார், கண்ணுக்குள் சீழ், பார்வை போய்விட்டது, டாக்டரம்மா தியேட்டரைப் பூட்டச் சொல்லிவிட்டார், அன்று வேலை பார்த்த எல்லோரையும் விசாரிக்கிறார், உடனே வரவேண்டும். யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை.

போனை வைத்தபோது என் முகத்தைப் பார்த்த என் மனைவி கோமதி, யாராவது போய்விட்டார்களா என்றாள். இல்லை, நான்தான் போகப்போகிறேன் என்றேன். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே நான் கைதாகி, தெலுங்குப் பத்திரிகைகளில் படத்தோடு வந்து, ஜெயிலுக்கும் போய்விட்டேன். படத்தில் என் தலைமுடி சரியாக வாரியிருக்கவில்லை என்றுகூட ஒரு கவலை.

ஆஸ்பத்திரியில் என் மேஜை இழுப்பறையில் மிச்ச விபூதிப் பொட்டலம் இருந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எங்கேயாவது தொலைத்துவிட வேண்டும். ஆனால் அன்பர்களே, பிரசாதத்தை எங்கே தொலைப்பது? குப்பைக் கூடையில் போடலாமா? கை வரவில்லை. கழிவறையிலா? நினைத்ததற்கே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வாஷ்பேசினில் கரைக்கலாம் என்றால் அது எச்சில் துப்புகிற இடம். வாயில் போட்டு முழுங்கிவிடலாம் என்று கொஞ்சம் போட்டுப் பார்த்தேன். கால் பொட்டலத்திலேயே புரையேறிவிட்டது. வேறொரு குற்றவாளி என்றால் ஒரு நிமிஷத்தில் வேலையை முடித்திருப்பான். நான் பக்தனான குற்றவாளி. கால் படாத மரத்தடி ஒன்றுதான் சாஸ்திரம் அனுமதிக்கிற இடம் என்று தோன்றியது. அப்படித்தான் கேண்டீன் ஸ்பூனோடு வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்தேன்.

தோண்டிக்கொண்டே வேண்டினேன். அந்த வேண்டுதலை அப்படியே எழுதுகிறேன், அழகுபடுத்தவில்லை. "முருகா, இது என்னால் வந்ததாக மட்டும் இருக்கக் கூடாது." அவ்வளவுதான். உள்ளே வலியில் கிடக்கிறவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

"என்ன புதைக்கறீங்க, சுப்பு காரு?"

பின்னால் டாக்டர் பத்மஜா. எங்கள் தலைமை டாக்டர், என்னைவிட எட்டு வயசு சின்னவர், தெலுங்கில்தான் பேசுவார். எனக்குத் தமிழில்தான் எழுத வரும் என்பதால் தமிழிலேயே தருகிறேன். என் நாக்கு நுனியில் ஒரு பொய் தயாராக இருந்தது. செத்த அணில் என்று சொல்லலாம். நம்பியிருப்பார். வாயைத் திறந்தேன். எப்படி என்று இன்று வரை தெரியவில்லை, அணில் வரவில்லை. விபூதி வந்தது. சிவப்புக் கோடு, பதினாறு நெற்றி, நரசம்மாவுக்கு இரண்டாம் தரம், எல்லாம் வந்தது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையை நீட்டி, "அந்தப் பொட்டலத்தைக் கொடுங்க. லேபுக்கு அனுப்பணும்" என்றார். ஸ்பூனையும் சேர்த்துக் கொடுத்தேன். ஸ்பூன் வேண்டாம் என்று திருப்பித் தந்தார்.

வார்டுக்குக் கூட்டிப் போனார். கட்டிலில் காஜா மியா படுத்திருந்தார்.

"இவருக்கும் வெச்சீங்களா?"

"இல்லைம்மா. இவர் ஒருத்தர்தான் வேண்டாம்னு சொன்னவர்."

அந்த வினாடி என் மனசு துள்ளியது. நான் இல்லை, என்னால் இல்லை, முருகா நீ தெய்வம். கேட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, வேண்டுதல் எழுத்துக்கு எழுத்து பலித்துவிட்டது. அப்போது காஜா மியா, நான் பேசிய குரலைக் கேட்டு, "சாப், ஆகயே? வந்துட்டீங்களா?" என்று கையைக் காற்றில் நீட்டித் துழாவினார். இருந்த ஒரே கண். அதுவும் இருட்டு. அவருக்கு முன்னால் நான் சந்தோஷமாக நின்றுகொண்டிருந்தேன்.

என்னை எனக்கே சகிக்கவில்லை. வாழ்க்கையில் எத்தனையோ தரம் அவமானப்பட்டிருக்கிறேன், எல்லாம் நாலு பேர் பார்க்க. இது யாருக்கும் தெரியாமல் நடந்தது. அதனால்தான் இன்றும் ஆறவில்லை.

டாக்டரம்மா என்னை வெளியே அழைத்து விஷயத்தைச் சொன்னார். காஜா மியாவுக்குக் கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டிருக்கிறார். இரண்டு நாள் கழித்து இன்னொன்று. பார்வை திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது. பிறகு, "ஒரே ஒரு கேஸ் என்றால், மற்றவங்களை அடுத்த வாரம் வர்ற தேதியிலேயே பார்த்துக்கலாம்னு இருந்திருப்பேன். உங்க விபூதி விஷயத்தைக் கேட்ட பிறகு எனக்கு பயம். இன்னிக்கே போய்ப் பதினாறு பேரையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

போனேன். வேனில் நானும் டிரைவரும் ஒரு நர்ஸும். மூன்று கிராமம். போகிற வழியெல்லாம் ஒவ்வொரு கண்ணாக எனக்கு அழுகிக்கொண்டே வந்தது. ஆனால் முதல் கிராமத்தில் எல்லாக் கண்ணும் தெளிவாக இருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. விருந்தாளி வந்த மாதிரி மோர் கொடுத்து, என்னையே திருநீறு கேட்டார்கள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மூன்றாவது கிராமத்தில் நரசம்மாவை மட்டும் காணோம். மருமகள் வயல் பக்கம் கையைக் காட்டினாள். ஆடி மாதம், நாற்று நடவு. முழங்கால் சேற்றில், கறுப்புக் கண்ணாடியோடு, நரசம்மா குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். பத்து நாள் தண்ணீர் படக் கூடாது, குனியக் கூடாது என்று நான்தான் வரிசையாக உட்காரவைத்துச் சொல்லி அனுப்பியிருந்தேன். வரப்பில் நின்று கத்தினேன்.

"உங்க ஆஸ்பத்திரிக்காரங்க வந்து என் நாத்தை நடுவாங்களா?" என்றாள், நிமிராமல்.

வரப்புக்கு வரவைத்து நர்ஸ் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். லேசாகச் சிவந்திருந்தது. சேறு தெறித்ததாம், முந்தானையால் துடைத்துவிட்டாளாம், வலியெல்லாம் பெரிதாக இல்லையாம். நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குப் புரிந்துவிட்டது. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம்.

நரசம்மாவுக்கு அன்று மாலையே வைத்தியம் ஆரம்பித்தது. இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார் டாக்டரம்மா. அடுத்த வாரத் தேதிக்கு அவள் வருவதாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டேன். செத்த அணில் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும். மற்ற பதினைந்து பேருக்கும் ஒன்றும் இல்லை.

இனி காஜா மியா. மறுநாள் முதல் பகலெல்லாம் அவர் கட்டிலடியில்தான் உட்கார்ந்திருந்தேன். மணிக்கு ஒரு தரம் சொட்டு மருந்து. கையைக் கழுவிவிட்டு நானே விட்டேன். எத்தனை தரம் கழுவினேன் என்றால், கோமதி என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, ஏங்க, ஓட்டலில் பாத்திரம் தேய்க்கப் போறீங்களா என்று கேட்டாள். இரண்டு சொட்டுக்கு நடுவில் அவர் கையில் தஸ்பி மணி உருளும். என் உதட்டில் ஆறெழுத்து ஓடும். அவர் எண்ணிக்கையும் என் எண்ணிக்கையும் சில சமயம் ஒன்றையொன்று குழப்பிவிட்டு இரண்டு பேரும் முதலிலிருந்து ஆரம்பித்ததும் உண்டு. இந்தத் தரம் நான் கேட்டது வேறு. "முருகா, இந்தக் கண்ணைக் கொடு. நான் கேட்டதற்காக வேண்டாம், இவருக்காகக் கொடு."

முதல் ஊசிக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது ஊசி போட்ட அன்று மத்தியானம், மனசு தாங்காமல் அவரிடமே சொல்லிவிட்டேன். விபூதி இட்டது, பயந்தது, சீழ் பிடித்தது உங்களுக்கு என்று தெரிந்ததும் நான் சந்தோஷப்பட்டது, எல்லாம். என்னை வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் கொஞ்ச நேரம் மணியை உருட்டினார். பிறகு அவருடைய உருதும் தெலுங்கும் கலந்த பேச்சில் சொன்னார். "பட்டறையில சம்மட்டி கீழே விழுந்தா, எல்லாரும் முதல்ல தன் காலைத்தான் பார்ப்பாங்க சாப். அப்புறம்தான் யார் கால்ல விழுந்ததுன்னு பார்ப்பாங்க. நீங்க பார்த்துட்டீங்கள்ல? போதும். சொட்டு மருந்து நேரமாச்சு."

எனக்குக் கண்ணீரில் பார்வை மங்கிவிட்டது. மருந்தைக் கண்ணில் விடாமல் மூக்கில் விட்டேன். அவர் திட்டினார். திட்டு வாங்கியதும்தான் எனக்கு உயிர் வந்தது.

அதற்குப் பிறகு எனக்குப் பதற்றம் குறைந்தது. ஏன் என்று விளக்கத் தெரியவில்லை. கண் வரலாம், வராமலும் போகலாம். எதுவானாலும் இவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் என்று தீர்மானமாயிற்று. கேட்பது என் வேலை, மணிக்கு ஒரு தரம் சொட்டு விடுவது என் வேலை, கொடுப்பது அவன் வேலை. தரப் பரிசோதகன் ஒருத்தனுக்கு, எல்லாவற்றுக்கும் தானே பொறுப்பு என்ற நினைப்பு இறங்குவது லேசான காரியமில்லை, அன்பர்களே.

இதற்கிடையில் லேபிலிருந்து பதில் வந்தது. காஜா மியாவின் கண்ணில் இருந்த கிருமி பெரும்பாலும் அவருடைய இமையிலேயே இருந்ததாக இருக்கலாம், எத்தனை சுத்தம் பார்த்தாலும் அபூர்வமாக இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டரம்மா. பிறகு ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார். அதில் சாம்பல் நிறத்தில் ஏதோ திட்டுத் திட்டாகப் பூத்திருந்தது. என்னம்மா இது என்றேன். "உங்க பொட்டலம்" என்றார். என் விபூதியிலும் கிருமி வளர்ந்திருந்தது.

பிரசாதத்துக்கு ஒன்றும் ஆகாது என்று வாதாட எனக்கு வாய் வரவில்லை. கோயிலில் எத்தனை கை பட்டதோ, என் இழுப்பறையில் என்ன தூசி இருந்ததோ. பதினாறு பேர் கண்ணுக்கு அரை விரல் தூரத்தில் இதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். பதினாறு பேருக்கும் அதனால் ஒன்றும் ஆகவில்லை. நான் குற்றமற்றவன் என்பதால் அவன் என்னைக் காப்பாற்றவில்லை. குற்றத்தோடேயே காப்பாற்றினான். அருள் என்ற வார்த்தையை ஐம்பது வருஷம் வாயால் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதற்கு அர்த்தம் தெரிந்தது.

வைத்தியம் தொடங்கிய ஆறாம் நாள் காஜா மியாவுக்குக் கை அசைவது தெரிந்தது. பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சம். வீட்டுக்கு அனுப்பினோம், வாரா வாரம் வந்தார். ஆறாவது வாரம் டாக்டரம்மா அவரை வெளிச்சமான ஜன்னலோரம் உட்காரவைத்து, எதிரே விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். நான் கதவோரம் நின்று, ஆறெழுத்தில் எத்தனையாவது எழுத்து என்று தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தேன்.

காஜா மியா கழுத்தை முன்னால் நீட்டிப் பார்த்தார். "ரெண்டு" என்றார். பிறகு இன்னும் உற்றுப் பார்த்து, "அம்மா, அந்த மோதிரத்துல கல்லு ஆடுது. கொக்கி லூஸ். டைட் பண்ணலைன்னா விழுந்துடும்" என்றார்.

டாக்டரம்மா விரலைத் திருப்பிப் பார்த்தார். கல் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அங்கேயே அவர் மேஜையில் தலையைச் சாய்த்துச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் சிரித்தார். காஜா மியா, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். என்னைப் பார்த்து, அன்பர்களே. குரல் வந்த பக்கத்தை அல்ல, என் முகத்தை.

நரசம்மாவுக்கும் பார்வை முழுசாக நிலைத்தது. அடுத்த ஆடியில் நடவுக்கு முன்பே அவள் வலது கண்ணுக்கும் செய்துகொண்டாள்.

இன்று நான் சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறேன். ஆபரேஷன் நாளில் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு என் அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயரும் எந்தக் கண் என்பதும் சேர்த்து முருகனுக்கு வாசித்துக் காட்டுகிறேன். எல்லாம் அறிந்தவனுக்கு வலது இடது சொல்ல வேண்டுமா என்று கோமதி கேட்கிறாள். பழைய உத்தியோகப் பழக்கம், விடவில்லை.

கஷ்டத்தில் இருக்கிற அன்பர் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். நல்ல வேண்டுதலாக வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பயத்தில் வாய்க்கு வருவது கோழைத்தனமாக இருந்தாலும் அதையே சொல்லுங்கள், அவனுக்கு நம்மைத் தெரியும். சொன்ன பிறகு, மறைத்து வைத்திருப்பதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் போய்ச் சொல்லுங்கள். பிறகு வலியில் கிடப்பவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் பெயரைச் சொல்லி அவருக்காகக் கேளுங்கள். அவன் கொடுப்பான். நான் கண்ணால் பார்த்தவன்.